கடலைக் குடித்த முனிவரும் நமது குண்டிக்காயும்

அகத்தியர் என்பவர் சமுத்திரத்தை ஒரே மடக்காய்க் குடித்தார் என்றும், பிறகு அதைச் சிறுநீராய் விட்டார் என்றும், அதனால்தான் கடல் நீர் உப்புக் கரிக்கின்றது என்றும் ஒரு கதை நமது நாட்டில் நெடுநாளாய் நடமாடி வருகின்றது. சொல்லுகிறவருக்கு வெட்கமில்லை, கேட்கிறவரும் முகத்தைச் சுளிப்பதில்லை. கையெடுத்துக் கும்பிட்டுக் கொள்ளுகிறார்கள். இக்கதைக்கு உட்பொருள் உண்டா என்கின்ற ஆராய்ச்சியில் நாம் பிரவேசிக்கப் போவதில்லை. உட்பொருள் தேடும் வேலையை அதனால் வயிறு வளர்க்கின்றவர்களுக்கே விட்டுவிடுவோம். மனிதனாய்ப் பிறந்த ஒருவன் கடல் நீரைக் குடித்தால் அவன் உடம்பில் என்ன நடக்கும் என்பதை மாத்திரம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கடல் நீர் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கின்றது. நமது குண்டிக்காய் - இக்காலத்தில் சிறுநீரகம் என்று நாகரிகமாய்ச் சொல்லுகிறார்கள், நாமும் அப்படியே சொல்லுவோம் - எவ்வளவு பாடுபட்டாலும் ஒரு லிட்டர் சிறுநீரில் சுமார் 20 கிராம் உப்பைத்தான் வெளியே தள்ள முடியும். ஆகவே ஒரு லிட்டர் கடல் நீரைக் குடித்தவன் அதிலுள்ள உப்பைக் கழிக்க ஒன்றரை லிட்டருக்கு மேல் சிறுநீர் விட்டாக வேண்டும். குடித்தது ஒன்று, இழந்தது ஒன்றரைக்கு மேல். மிச்சத்தை எங்கிருந்து கொடுப்பான்? தன் இரத்தத்திலிருந்தும் சதையிலிருந்தும் மூளையிலிருந்தும் கொடுப்பான். கப்பல் உடைந்து நடுக்கடலில் தத்தளித்தவர்கள் சுற்றிலும் தண்ணீர் இருந்தும் தாகத்தால் செத்ததற்கு இதுவே காரணம். ஒரு குடம் குடித்தால் சாகிறவன் ஏழு கடலைக் குடித்தான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அந்தப் பிள்ளைகளிடமே பரீட்சையில் சிறுநீரகத்தின் படம் போடும்படியும் கேட்கிறோம். இரண்டும் ஒரே மண்டைக்குள் எப்படிக் குடியிருக்கும்?

நிற்க, சிறுநீரகம் செய்யும் வேலை என்ன என்று பார்ப்போம். முதலில் ஒரு சங்கதி. வடுமாங்காயை உப்பில் போட்டால் சுருங்குகின்றது. உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டால் ஊதிப் போகின்றது. இதற்கு மந்திரம் எதுவும் தேவையில்லை என்பது ஊறுகாய் போடத் தெரிந்த எந்தத் தாய்மாருக்கும் தெரியும். தோலுக்கு வெளியே உப்பு அதிகமானால் உள்ளிருக்கும் தண்ணீர் வெளியே ஓடுகின்றது. உள்ளே அதிகமானால் வெளித் தண்ணீர் உள்ளே வருகின்றது. நமது உடம்பிலுள்ள ஒவ்வொரு செல்லும் ஒரு வடுமாங்காய் என்று வைத்துக் கொள்ளுங்கள். அவையெல்லாம் உப்புத் தண்ணீரில்தான் மிதந்து கொண்டிருக்கின்றன. அந்த உப்பு ஒரு பங்கு ஏறினாலும் கேடு, இறங்கினாலும் கேடு. ஏறினால் மூளையின் செல்கள் சுருங்கும், இறங்கினால் வீங்கும். மண்டையோடு பலூன் அல்ல, வீங்குவதற்கு இடம் கொடுக்க. ஆகையால்தான் இரத்தத்தில் சோடியத்தின் அளவு லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் என்கின்ற குறுகிய வரப்புக்குள்ளேயே காக்கப்படுகின்றது. ராஜாவானாலும் சரி, குப்பை கூட்டுகிறவனானாலும் சரி, இதே அளவுதான். மேல் வர்ணத்துக்கு ஒரு அளவு, கீழ் வர்ணத்துக்கு ஒரு அளவு என்று எந்தப் பரிசோதனைச் சாலையிலும் அச்சடித்து வைத்திருக்கவில்லை.

இந்த வரப்பைக் காக்கும் காவல்காரன்தான் சிறுநீரகம். முஷ்டி அளவுள்ள இந்த உறுப்பு ஒவ்வொன்றிலும் சுமார் பத்து லட்சம் நுண்குழாய்கள் இருக்கின்றன. நாளொன்றுக்கு இவை இரத்தத்திலிருந்து 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதனோடு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ சாப்பாட்டு உப்புக்குச் சமமான சோடியமும் குளோரைடும் குழாய்க்குள் இறங்குகின்றன. நாம் சாப்பிடுவதோ நாளைக்குப் பத்து கிராம். மீதியெல்லாம் எங்கே போகின்றது? போவதில்லை; நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் திரும்ப இரத்தத்திற்கே எடுத்துக் கொள்ளப்படுகின்றது. மூன்றில் இரண்டு பங்கு குழாயின் முதற்பகுதியிலும், கால் பங்கு ஹென்லி வளைவு என்கின்ற கொண்டையூசி போன்ற வளைவிலும், கடைசிச் சில்லறை குழாயின் வால் பகுதியிலும் மீட்கப்படுகின்றது.

மீட்கிறவன் யார்? குழாயின் சுவரிலுள்ள செல். அந்தச் செல்லின் இரத்தப் பக்கத்துச் சுவரில் ஒரு பம்பு இருக்கின்றது. மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுப்பது அதன் தொழில். இதை 1957ஆம் வருடம் டென்மார்க் தேசத்து ஜென்ஸ் ஸ்கூ என்பவர் நண்டின் நரம்பை வைத்துக் கண்டுபிடித்தார். நாற்பது வருடம் கழித்து 1997ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கவனியுங்கள், ஞானதிருஷ்டியினால் அல்ல, நண்டின் நரம்பினால். பம்பு இப்படித் தள்ளத் தள்ள, செல்லுக்குள் சோடியம் குறைந்து போகின்றது. உடனே மறுபக்கத்துக் குழாயிலிருந்து சோடியம் உள்ளே பாய்கின்றது. ஹென்லி வளைவின் ஏறு பகுதியில் அது தனியாக வர முடியாது. ஒரு சோடியம், ஒரு பொட்டாசியம், இரண்டு குளோரைடு ஆக நால்வரும் சேர்ந்து ஏறினால்தான் படகு புறப்படும். அந்தப் பகுதிச் சுவர் தண்ணீரை மாத்திரம் விடாது. உப்பு வெளியேறித் தண்ணீர் குழாய்க்குள் தங்கிவிடுவதால், சுற்றிலுமுள்ள சதை இரத்தத்தைப் போல் நான்கு மடங்கு உறைப்புள்ளதாகின்றது. இந்த உறைப்பைத்தான் பின்னால் தண்ணீரை மீட்கும் கயிறாகச் சிறுநீரகம் உபயோகித்துக் கொள்ளுகின்றது.

வெயிலில் வேர்த்து நிற்கிறோம். உடம்பில் தண்ணீர் குறைந்து இரத்தத்தின் உறைப்பு நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு ஏறினால் போதும்; மூளையின் அடியிலுள்ள சில செல்கள் சுருங்கி அதைக் கண்டுபிடித்துவிடுகின்றன. உடனே தாகம் எடுக்கின்றது. கூடவே ஒரு ஹார்மோன் இரத்தத்தில் விடப்படுகின்றது. அது சிறுநீரகத்தை அடைந்ததும், குழாயின் கடைசிப் பகுதிச் செல்கள் தங்கள் வயிற்றுக்குள் மறைத்து வைத்திருந்த தண்ணீர்க் கதவுகளைச் சுவரில் கொண்டுவந்து பொருத்துகின்றன. குழாயிலுள்ள தண்ணீர் உறைப்பான சதைக்குள் பாய்ந்து இரத்தத்திற்குத் திரும்புகின்றது. சிறுநீர் சுண்டி மஞ்சளாகின்றது. அதே ஹார்மோன் ஏறு பகுதியின் உப்புப் படகுகளையும் முடுக்கிவிடுகின்றது. இவையெல்லாம் நிமிஷக் கணக்கில் முடிகின்றன. ஒரு செம்பு தண்ணீரைக் குடித்தீர்களானால் ஹார்மோன் அடங்கி, கதவுகள் உள்ளே இழுக்கப்பட்டு, ஒரு மணி நேரத்துக்குள் வெளுத்த சிறுநீர் வெளியாகின்றது. உப்புக் குறைந்தால் வேறொரு ஹார்மோன். சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் சுரப்பி அதை அனுப்புகின்றது. அது புதிய வாயில்களையும் பம்புகளையும் கட்டச் சொல்லுவதால் மணிக்கணக்கு ஆகும். ஆனால் கட்டி முடித்துவிட்டால், சிறுநீரில் சோடியம் அனேகமாய் இல்லை என்று சொல்லும்படி இறுக்கிவிடும்.

இந்த உறைப்புக் கிடங்கின் நடுவில் குடியிருக்கும் செல்களின் கதி என்ன என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அவை வடுமாங்காயாய்ச் சுருங்கிப் போக வேண்டியவை. ஆனால் வெளி உறைப்பு ஏறினதும் அச்செல்லுக்குள் ஒரு புரதம் விழித்துக் கொண்டு, சார்பிட்டால், பீட்டெயின் முதலிய சாதுவான பொருள்களைச் சேர்க்கும்படி உத்தரவு கொடுக்கின்றது. உள்ளேயும் வெளியேயும் பாரம் சமமாகிச் செல் தப்பிக்கின்றது. தண்ணீர் பெருகி உறைப்பு இறங்கினால் சேர்த்ததை வெளியே கொட்டிவிடுகின்றது. யாரும் அதற்கு உபதேசம் செய்யவில்லை.

இவ்வளவையும் கேட்ட வைதீகர், "பார்த்தீர்களா, எவ்வளவு அற்புதமான படைப்பு! இதை ஆண்டவனன்றி யார் செய்ய முடியும்?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார். சரி, அந்த வியாஜ்யத்தையும் தீர்த்து விடுவோம். ஒன்றரை லிட்டர் கழிவை வெளியேற்ற 180 லிட்டரைக் கொட்டி, அதில் 178 லிட்டருக்கு மேல் திரும்ப அள்ளுவது எந்த ஊர் சாமர்த்தியம்? ஒரு முழம் பட்டுக்காக நூறு சேலையைப் பிரித்து, தொண்ணூற்றொன்பதைத் திரும்ப நெய்கிற நெசவாளியைக் காஞ்சிபுரத்து முதலாளி ஒரு நாளாவது வேலைக்கு வைத்திருப்பாரா? இரத்தத்தை இப்படி வடிகட்டுவதற்காகவே, உடம்பின் எடையில் நூற்றுக்கு அரைப் பங்குகூட இல்லாத இவ்வுறுப்பு இருதயம் தள்ளும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கை வாங்கிக் கொள்ளுகின்றது. இது திட்டம் போட்டுச் செய்த வேலை அல்ல. மீன் குலத்து முன்னோரிடமிருந்து வந்த பழைய சொத்தை ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு ஓட்டுகிற வேலை. மேலும், கடவுள் மனிதனைத்தான் சிரேஷ்டமாய்ப் படைத்தார் என்கின்றார்களே, பாலைவனத்தில் வளைக்குள் இருக்கும் எலியின் சிறுநீரகம் நம்முடையதைப் போல் நாலைந்து மடங்கு உறைப்பாய்ச் சிறுநீரைச் சுண்ட வைக்கின்றது; கடற்பறவைக்கு மூக்கருகிலேயே உப்பைக் கழிக்கும் சுரப்பி இருக்கின்றது. கடலைக் குடிக்கும் யோக்கியதை கடற்காக்கைக்கு உண்டு, முனிவருக்கு இல்லை.

உப்பில்லாமல் விரதம் இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் உப்பிலியப்பன் என்று ஒரு சாமிக்கு உப்பில்லாத நைவேத்தியம். சாமிக்கு உப்பு வேண்டாமென்றால் நமக்கு ஆட்சேபணை இல்லை. கல்லுக்குச் சிறுநீரகம் கிடையாது. பக்தர் ஒரு நாள் உப்பை விட்டால் என்ன ஆகின்றது? நாம் மேலே சொன்ன தொப்பிச் சுரப்பி வேலை செய்து உப்பைப் பிடித்து வைத்துக் கொள்ளுகின்றது. விரதத்தின் பலன் சாமிக்கும் போவதில்லை, பக்தருக்கும் வருவதில்லை. செல்லுக்குத்தான் கூடுதல் வேலை. உப்பை உண்மையாகவே குறைக்க வேண்டியவர்கள் இரத்த அழுத்தக்காரர்கள். நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகின்றது. வாரத்தில் ஒரு நாள் விரதமிருந்து ஆறு நாள் அப்பளமும் ஊறுகாயுமாய்ச் சாப்பிடுவது விரதமல்ல, வேடிக்கை. பசுவின் மூத்திரத்தைப் பஞ்சகவ்வியம் என்று குடிக்கின்றவர்களைப் பற்றியும் அதிகம் எழுத வேண்டியதில்லை. பசுவின் சிறுநீரகம் இவ்வளவு பாடுபட்டு, வேண்டாமென்று பொறுக்கித் தள்ளினதை, வேண்டுமென்று ஏந்திக் குடிக்கின்றார்கள். பசுவுக்கு இருக்கும் விவேகம்கூட இல்லையே என்பதுதான் நமது வருத்தம்.

இனி நமது காஞ்சிபுரத்துக்கு வருவோம். 2019ஆம் வருடம் ஜூலை 1ந் தேதி முதல் 48 நாள், வரதராஜப் பெருமாள் கோவில் குளத்துக்குள் நாற்பது வருடமாய்க் கிடந்த அத்தி மரத்துச் சிலையை வெளியே எடுத்து வைத்தார்கள். ஒரு கோடி பேருக்கு மேல் வந்தார்கள் என்று கணக்குச் சொன்னார்கள். கிழவர்கள், கர்ப்ப ஸ்திரீகள், சர்க்கரை வியாதிக்காரர்கள் எல்லாம் வெயிலிலும் புழுக்கத்திலும் மணிக்கணக்காய் வரிசையில் நின்றார்கள். ஜூலை 18ந் தேதி ஒரே நாளில் நான்கு பேர் இறந்து போனார்கள். நெரிசலா, பழைய நோயா என்று அதிகாரிகளும் பத்திரிகைகளும் வாதாடிக் கொண்டார்கள். நாம் அந்த வாதத்துக்குப் போகவில்லை. அசையாமல் வேர்த்துக்கொண்டு, வரிசை போய்விடுமே என்று தண்ணீரும் குடிக்காமல், ஒதுங்கவும் போகாமல் நிற்கின்ற கிழவனுடைய உடம்பில் என்ன நடக்கும் என்பதை மாத்திரம் சொல்லுகிறோம். வயதானால் தாகம் மங்கிப் போகும். சிறுநீரைச் சுண்ட வைக்கும் சக்தியும் குறையும். இரத்தத்தின் அளவு சுருங்கும். சிறுநீரகத்துக்கு வரும் இரத்தம் குறையும். பம்புக்குப் பிராணவாயு போதாமல் செல் சாகும். பெருமாள் சேவையால் இதில் ஒரு பம்பு கூடுதலாகச் சுற்றினது என்று காட்ட எவராலும் முடியாது. ஒரு செம்பு மோரால் முடியும்.

அதே 2019ல், ஜூன் மாதம் சென்னைக்குத் தண்ணீர் கொடுக்கும் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள் என்பதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உயிருள்ள ஜனங்களுக்கு ரயில் தண்ணீர். மரக்கட்டைக்கு நாற்பது வருடத்துக்கு ஒரு முழுக் குளம். இரண்டும் ஒரே பிரதேசத்தில், ஒரே மாதத்தில் நடந்தன.

கோவில் கூட்டம் 48 நாளில் கலைந்துவிட்டது. கலையாத கூட்டம் ஒன்று இருக்கின்றது. சாயப் பட்டறையில் கொதிக்கிற தொட்டிக்கு முன் நின்று பட்டு நூலை முக்கி எடுக்கிறவன் நாள் முழுவதும் வேர்க்கின்றான். தறிக் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருக்கும் நெசவாளி, எழுந்தால் வேலை கெடும் என்று தண்ணீரைத் தள்ளிப் போடுகின்றான். ஜவுளிக் கடையில் நாள் முழுவதும் சேலையைப் பிரித்துக் காட்டிக் கொண்டிருக்கும் பெண்கள், குடித்தால் ஒதுங்கப் போக வேண்டுமே, போனால் மேஸ்திரி முகம் காட்டுவாரே என்று குடிக்காமலே இருக்கின்றார்கள். கடைச் சிப்பந்திகளுக்கு உட்கார ஆசனம் கொடுக்க வேண்டும் என்று 2021ல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தினார்கள். உட்காருவதற்கே சட்டம் வேண்டியிருந்த தேசத்தில் ஒதுங்குவதற்கு எத்தனை சட்டம் வேண்டுமோ! தினமும் இப்படிச் சிறுநீரைச் சுண்ட வைத்தால் கல்லடைப்பு வரும், நீர்க்கடுப்பு வரும். வந்த பிறகு, "போன ஜன்மத்துப் பாவம்" என்று பரிகாரம் சொல்ல ஒருவர் தயாராயிருப்பார். போன ஜன்மம் எதற்கு? போன மாதத்துக் கடைச் சம்பளப் புஸ்தகத்தைப் புரட்டினால் காரணம் தெரிந்து போகும்.

இது வெறும் ஊகமல்ல. தமிழ்நாட்டில் ஏழு உப்பளங்களில் 2017 முதல் 2020 வரை சென்னை ஸ்ரீராமச்சந்திரா ஸ்தாபனத்து ஆராய்ச்சியாளர்கள் தொழிலாளிகளைப் பரிசோதித்தார்கள். பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் தாங்கத்தக்க அளவுக்கு மிஞ்சிய வெப்பத்தில் வேலை செய்வதும், நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகச் சக்தி குறைந்திருப்பதும் தெரிய வந்தது. ஊருக்கெல்லாம் உப்பு விளைவிக்கின்றவன் தன் உடம்பு உப்பைக் காக்க முடியாமல் தவிக்கின்றான். அவன் தலையில் எந்தப் பிரமன் இதை எழுதினான்? நிழலும் தண்ணீரும் கக்கூசும் கட்டிக் கொடுக்காதவர்கள் எழுதினார்கள்.

குழந்தைகள் சங்கதி இதைவிட அவசரமானது. வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று தண்ணீரை நிறுத்திவிட்டு, அம்மனுக்கு மஞ்சள் துணி முடிந்து வைக்கும் வழக்கம் இன்னமும் சில வீடுகளில் இருக்கின்றது. பெரியவனுடைய சிறுநீரகத்தைப் போல் கைக்குழந்தையின் சிறுநீரகத்தால் தண்ணீரை இறுக்கிப் பிடிக்க முடியாது. ஆகையால் அது சீக்கிரம் வறண்டு போகும். 1971ல் வங்காளத்து அகதிகள் லட்சக்கணக்கில் எல்லை தாண்டி வந்தபோது பன்காவ் முகாமில் காலரா பரவிற்று. நரம்பில் ஏற்றும் உப்பு நீர் தீர்ந்து போயிற்று. திலீப் மகலனோபிஸ் என்கின்ற டாக்டர், உப்பும் குளுகோஸும் கலந்த தண்ணீரைப் பீப்பாய்களில் வைத்து, தாய்மாரும் உறவினருமே நோயாளிக்குக் குடிப்பாட்டும்படி செய்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக் கொண்டிருந்த இடத்தில் சாவு நாலுக்குக் கீழே இறங்கிற்று. இதில் உள்ள சூட்சுமமும் சோடியந்தான். குடலின் செல்லில் சோடியமும் சர்க்கரையும் கை கோத்துக் கொண்டு உள்ளே நுழையும் வாயில் ஒன்று உண்டு. பேதியிலும் அது மூடிக் கொள்ளுவதில்லை. அவை போகும் இடத்துக்குத் தண்ணீரும் போகும். சிறுநீரகக் குழாயின் முதற்பகுதியிலும் இதே குடும்பத்து வாயில்தான் வேலை செய்கின்றது. ஆஸ்பத்திரியில் கொடுக்கும் பொட்டலம் கிடைத்தால் அதுவே உத்தமம். கிடைக்காவிட்டால், காய்ச்சி ஆறின ஒரு லிட்டர் தண்ணீரில் தலை வழித்த ஆறு டீ கரண்டி சர்க்கரை, அரை டீ கரண்டி உப்பு. உப்பைக் கூட்டக் கூடாது. கூட்டினால் முதலில் சொன்ன கடல் நீர்க் கதைதான். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். குழந்தை மயங்கினால் கோவிலுக்கல்ல, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கர்மபலன் பேசுகிறவர்களிடம் இன்னொன்றும் கேட்கின்றோம். காஞ்சிபுரத்துக்குக் கூப்பிடு தூரத்திலுள்ள வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1971ல் ஒரு மனிதனின் சிறுநீரகத்தை மற்றொரு மனிதனுக்கு வைத்து வெற்றி கண்டார்கள். அன்று முதல் இந்த தேசத்தில் ஆயிரக்கணக்கில் நடந்து வருகின்றது. அப்படி மாறும்போது கொடுத்தவனுடைய கர்மமும் கூட மாறுகின்றதா? வைக்கும் முன் டாக்டர் இரத்த வகையைப் பார்க்கின்றார். கோத்திரத்தையும் நட்சத்திரத்தையும் பார்ப்பதில்லை. தொட்டால் தீட்டென்று சொல்லப்பட்டவனின் சிறுநீரகம், அவ்வாறு சொன்னவன் வயிற்றுக்குள் உட்கார்ந்து, அவனுடைய சோடியத்தை அதே 135க்கும் 145க்கும் நடுவில் நிறுத்தி வைக்கின்றது. ஆனால் இந்த நன்மையிலும் ஏழையின் கழுத்துக்குக் கத்தி வந்துவிட்டது. 1994ல் உறுப்பு வியாபாரத்தைத் தடுக்கச் சட்டம் வந்தும், 2025ல் நாமக்கல் ஜில்லா பள்ளிபாளையத்தில் கடனில் மூழ்கின விசைத்தறித் தொழிலாளிகளிடம் தரகர்கள் சிறுநீரகத்தை விலை பேசின செய்தி வெளியாயிற்று. தறியில் உட்காருகிறவனுக்குக் கூலி கட்டுபடியாகாவிட்டால் அடுத்தபடியாய் விற்பதற்கு அவனிடம் என்ன மிச்சமிருக்கின்றது என்பதைக் காஞ்சிபுரத்து நெசவாளித் தோழர்களும் யோசிக்க வேண்டும்.

நாற்பது வருடக் கணக்குப்படி அந்த அத்தி மரச் சிலை மறுபடியும் 2059ல் வெளியே வரும். அதற்கு இன்னும் முப்பது வருடத்துக்கு மேல் இருக்கின்றது. காஞ்சிபுரம் 2021ல் மாநகராட்சியாகியும் விட்டது. கோவில் வீதிகளிலும், ஜவுளிக் கடை வீதிகளிலும், சாயப் பட்டறைகளுக்குப் பக்கத்திலும் குடிதண்ணீர்க் குழாய் எத்தனை, பெண்கள் ஒதுங்கத்தக்க சுத்தமான கக்கூஸ் எத்தனை, அவற்றில் தண்ணீர் வருவது எத்தனை என்று மாநகராட்சி அங்கத்தினர்கள் வார்டு வாரியாய்க் கணக்கு வெளியிட வேண்டும் என்று கேட்கின்றோம்.